தோட்டம் வரை எட்டிய பாட்டு

அத்தியாயம் - 3

"நூகு, மறுபடி சொல்லு. இந்தத் தடவை எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

உமாமகேஸ்வரி வலது காலைத் தூக்கி எதிரே கிடந்த ஸ்டூலில் வைத்துக்கொண்டாள். முழங்கால் வீங்கியிருந்தது. இருபத்தெட்டு வருடம் காக்கி உடுப்பில் நின்ற கால். தலைமைக் காவலராக ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், காரைக்கால் பாரதியார் சாலையில் ஒரு தையல் கடைக்கு மேலே அறை எடுத்து, 'உமா துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டினாள். இரண்டு வருடமாகத் துப்பறிந்ததெல்லாம் மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு ஏற்கெனவே நிச்சயமாகி நின்றுபோனதா என்பதைத்தான். சும்மா இருப்பதே தேவலையோ என்று இப்போது அடிக்கடி தோன்றியது.

நூகு அவளுடைய உதவியாளன். நாற்பதை நெருங்குகிறவன். பன்னிரண்டு வருடம் செல்போன் சர்வீஸ் கடை நடத்தியவன். ரிப்பேர் ஆகாத போனைப் பேசியே சமாளித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவான் என்று அவனுக்குப் பெயர்.

"அக்கா, அது ஒரு ஸ்பீக்கர். வைஃபையில ஓடுற ஸ்பீக்கர். சின்ன டப்பா, மேல ஒரு பட்டன். அமுக்குனா நெட்டுலேர்ந்து பாட்டை இழுத்துப் பாடும். எந்த அக்கவுண்ட்டுல பாடுதோ, அந்த அக்கவுண்ட் இருக்கிற போன்ல அதோட பேரு தெரியும்."

"பேரு தெரியும். இடம் தெரியாதா?"

"இடம் தெரிஞ்சா நவநீதன் சாரு நம்மகிட்ட ஏன் வர்றாரு? மத்த அண்ணனுங்க மாதிரி நேரா போயி காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருக்க மாட்டாரா?"

நவநீதன் வந்தது பத்து நாள் முன்பு. கரூர்க்காரர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, தணிந்த குரல், பேசும்போதே கலங்கும் கண். தங்கை கீர்த்திகா புருஷனோடு கோபித்துக்கொண்டு அவன் வீட்டை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது என்றார். அம்மா ஆஸ்பத்திரியில் மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறார் என்றார். "ஒருக்கா முகத்தைக் காட்டிட்டுப் போயிரட்டுங்க. அது போதுங்க."

தங்கையோடு கல்லூரி விடுதியில் இருந்த ஒரு பெண்ணுக்கு ஊர் காரைக்கால் பக்கம். எந்த ஊர் என்று தெரியாது. வீட்டை விட்டுப் போகும்போது இரண்டு புடவை, சர்டிபிகேட்டுகள், அடுப்படியில் பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர், இவ்வளவுதான் எடுத்துக்கொண்டு போனாளாம். அன்றோடு ஸ்பீக்கர் நவநீதன் போனிலிருந்து மறைந்துவிட்டது. மூன்று வாரம் முன்பு திடீரென்று மறுபடி முளைத்தது. முன்பு அதற்குப் பெயர் 'அடுப்படி'. இப்போது 'தோட்டம்'. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாட ஆரம்பித்து ஆறரைக்கு நிற்கிறது.

அந்த அக்கவுண்ட்டைத் தன் போனிலும் போட்டுக்கொண்ட நூகு, எட்டு நாளாக அந்த ஒற்றைச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாடாத நேரத்துல பேரு தெரியுமா?"

"பிளக்குல செருகியிருந்தா இருபத்துநாலு மணி நேரமும் தெரியும். செவ்வாக்கிழமை மட்டும் காலையில பத்து மணிக்கு மறைஞ்சு நாலு மணிக்கு வந்துச்சு. தோட்டத்துக்கும் மதியத் தூக்கம் வேணும்லக்கா."

உமா காலை இறக்கினாள். மேஜைக்கு அடியில் கட்டி வைத்திருந்த பழைய பேப்பரை உருவினாள். திங்கட்கிழமை பேப்பர், நாலாம் பக்கம், கீழ் மூலை.

"படி."

"'நாளைய மின்தடை. பராமரிப்புப் பணி காரணமாகச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை...'" நூகு நிறுத்தினான். "அக்கா! ஸ்பீக்கர் தூங்கலை. கரெண்டு போயிருக்கு!"

"எத்தனை ஊர் போட்டிருக்கான்?"

"ஆறு. எல்லாம் திருநள்ளாறு பக்கம்."

"வேற எப்பவாச்சும் மறைஞ்சுச்சா?"

நூகு தன் சின்ன நோட்டைப் புரட்டினான். "புதன்கிழமை சாயங்காலம். ஆறு பத்துக்கு, நடுப்பாட்டுல. அம்பது நிமிஷம் கழிச்சு வந்துச்சு."

"அது பேப்பர்ல வராத கரெண்டு கட். மின்துறையில உனக்கு யாரோ சேக்காளி இருக்கான்ல?"

"சேக் அலாவுதீன். லைன்மேன். என் நிக்காஹ்ல ரெண்டு தடவை சாப்பிட்டவன். கேட்டா சொல்லித்தான் ஆவணும்."

சேக் அலாவுதீன் ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார். புதன்கிழமை சாயங்காலம் தென்னை மட்டை விழுந்து கம்பி அறுந்தது சுரக்குடியில். மற்ற ஐந்து ஊரிலும் கரெண்டு இருந்தது.

நூகு போனை வைத்துவிட்டு அவளையே பார்த்தான். "அக்கா, ஒரு மட்டை விழுந்து ஊரைக் காட்டிக் குடுத்துருச்சு."

"வண்டியை எடு," என்றாள் உமா. சந்தோஷப்பட வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் மாடிப்படி பதினாறு என்பதுதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது.

*

கத்திரி வெயில் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கும் இறங்கவில்லை. திருநள்ளாறு சாலையில் தார் மினுமினுத்தது. நெல் அறுத்த வயல்களில் பருத்தி நின்றது. நூகு ஸ்கூட்டரை ஓட்ட, உமா பின்னால் பக்கவாட்டில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் தலையை மூடியிருந்தாள்.

சுரக்குடி டீக்கடையில் இறங்கினார்கள்.

"ஊருல எத்தனை வீடு இருக்கும்?" என்றான் நூகு மெதுவாக. "முந்நூறு? நானூறு? நானூறு வீட்டுக்குப் பின்னாலயும் எட்டிப் பாக்கணும். தர்ம அடிக்கு இப்பவே டோக்கன் போட்டு வச்சுடலாம்."

உமா டீக்கடை அம்மாளிடம் திரும்பினாள். "ஏம்மா, வீட்டுக்குப் பின்னால மரம் மட்டை வைக்கிற இடத்தை நீங்க என்னம்பீங்க?"

அந்த அம்மாள் விநோதமாகப் பார்த்தாள். "கொல்லைதான். வேற என்னம்பாங்க?"

உமா கிளாஸை வாங்கிக்கொண்டு பெஞ்சுக்கு வந்தாள். "கேட்டியா? இந்தப் பக்கத்து ஆளு யாரும் அதுக்குத் தோட்டம்னு பேரு வைக்க மாட்டாங்க. வச்சது கரூர்க்காரப் பொண்ணு. இல்லைன்னா, அது நெசமாவே தோட்டம்."

"ரெண்டுமா இருந்தா?"

"நமக்கு நடை குறையும்." உமா மறுபடி குரல் கொடுத்தாள். "இங்க தோட்டம்னு யாராச்சும் வச்சிருக்காங்களாம்மா? பூந்தோட்டம்?"

"பெரியநாயகிதான் வச்சிருக்கா. மேலத்தெருக் கடைசி வீடு. சங்குப்பூ, நந்தியாவட்டை எல்லாம் திருநள்ளாறு மாலைக் கடைக்குப் போவுது. சனிக்கிழமைக்கு வேணும்னா இப்பவே சொல்லிடுங்க, அப்புறம் கிடைக்காது."

மேலத்தெருவில் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். நூகு ஒரு கையில் போனைப் பிடித்து, அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களை ஓட விட்டான். கடைசி வீட்டுக்கு இரண்டு வீடு முன்னால் நின்றான்.

"வந்துருச்சுக்கா. 'பெரியநாயகி'ன்னு ஒண்ணு. அதே பேர்ல, பின்னாடி 'எக்ஸ்ட்'னு வால் முளைச்சு இன்னொண்ணு."

"அது என்ன வால்?"

"கூடத்துல இருக்கிற வைஃபை பெட்டி கொல்லை வரைக்கும் எட்டாது. சுவரு, மரம் எல்லாம் குடிச்சுடும். நடுவுல எக்ஸ்டெண்டர்னு ஒரு சின்னப் பெட்டியைச் செருகுனா, அது சிக்னலை வாங்கி இன்னும் கொஞ்சம் தூரம் தள்ளி விடும். அந்தப் பெட்டி போடுற பேருதான் இது. பாட்டு வெளியில கேக்கணும்னே போட்டிருக்காங்க." நூகு முகம் மலர்ந்தது. கட்டை விரல் போனில் ஓடியது. "நவநீதன் சாருக்கு ஒரு வரி போட்டுடறேன். 'சுரக்குடி. கிட்ட வந்தாச்சு.'"

பதில் உடனே வந்தது. 'காரைக்கால் பஸ் ஸ்டாண்டில்தான் இருக்கேன். வர்றேன்.'

"பாவம், துடிக்கிறாரு."

உமா தலையாட்டினாள். ஒரு பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்தாகிவிட்டது. அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு அவள் திரும்பி வரட்டும், வராமல் போகட்டும். வீட்டுக்குப் போய் வெந்நீரில் காலை வைக்க வேண்டும்.

*

வேலி முழுக்க நீலச் சங்குப்பூக் கொடி. அதற்கு அந்தப் பக்கம் பாட்டு கேட்டது. சின்னக் குரல், பழைய மெல்லிசை. மோட்டார் கொட்டகைச் சுவரில் பச்சை விளக்கு எரியும் வெள்ளைப் பெட்டி. அதன் கீழே ஜன்னல் விளிம்பில் கறுப்பு டப்பா. நந்தியாவட்டைச் செடிகளுக்கு நடுவில் இரண்டு பெண்கள் அரும்பு பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு நாற்பத்தைந்து இருக்கும். இன்னொருத்தி இளையவள். நவநீதன் கொடுத்த போட்டோவில் இருந்த அதே முகம், மெலிந்திருந்தது.

"ஆளு சிக்கியாச்சு," என்று நூகு கிசுகிசுத்தான். வாசல் படலைத் தள்ளக் கை நீட்டினான்.

"இரு."

தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. இளையவளின் கை அந்தரத்தில் நின்றது. வண்டிச் சத்தம் தேய்ந்து மறையும் வரை அவள் மூச்சு விடவில்லை. பிறகுதான் அடுத்த அரும்பைக் கிள்ளினாள்.

அந்த நிற்றலை உமாவுக்குத் தெரியும். மகளிர் காவல் நிலையத்தின் மர பெஞ்சில் பதினோரு வருடம் பார்த்திருக்கிறாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் அந்த பெஞ்சில் இருந்தவர்கள் இப்படித்தான் நிற்பார்கள். கோபித்துக்கொண்டு வந்த தங்கை எந்த ஊரிலும் இப்படி நிற்க மாட்டாள்.

"நூகு. உன் வீட்டு அடுப்படியில என்னென்ன இருக்கும்?"

"என் பொண்டாட்டியும் என் பயமும்."

"விளையாடாத. உன் தங்கச்சி வீட்டு அடுப்படியில?"

"எனக்கு எப்புடித் தெரியும்? நான் போனா கூடத்துல உக்கார வச்சு டீ குடுப்பாங்க. அவ அடுப்படிக்குள்ள நான் ஏன்..." நூகு சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றான்.

"தங்கச்சி அடுப்படியில பாடுற ஸ்பீக்கர், அண்ணன் போன்ல ஏன் தெரியணும்? அந்த அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கு, பாத்தியா?"

நூகு பார்த்தான். "நவநீதன் பேர்லதான்."

பத்து நாளாக அது கண்ணெதிரிலேயே இருந்தது. அந்தக் கலங்கிய கண்ணையும் வெள்ளைச் சட்டையையும் பார்த்துவிட்டு அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்க அலுப்பாக இருந்தது. அதுதான் உண்மை.

உமா படலைத் திறந்தாள்.

பெரியவள் முன்னால் வந்து நின்றாள். "யாரு வேணும்?"

"என் பேரு உமாமகேஸ்வரி. போலீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவ." செடிகளுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தாள். "கீர்த்திகா, ஒரே ஒரு கேள்விதாம்மா. உனக்கு அண்ணன் இருக்காங்களா?"

கூடை கீழே விழுந்தது. வெள்ளை அரும்புகள் மண்ணில் சிதறின.

"எனக்கு அக்கா மட்டுந்தான்," என்றாள் கீர்த்திகா. "திண்டுக்கல்ல இருக்காங்க."

உமா போட்டோவை நீட்டினாள். கீர்த்திகா அதை வாங்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள்.

"கல்யாணத்தன்னிக்கு எடுத்தது. பக்கத்துல நின்னது அவருதான். தன்னை வெட்டிட்டுக் குடுத்திருக்காரு."

"உன் மாமியாருக்கு உடம்பு சரியில்லைன்னு..." என்றாள் உமா.

"நல்லாத்தான் இருப்பாங்க. அவரு என் கையை ஒடைச்சப்போ கதவைச் சாத்துனதே அவங்கதான்."

நூகு போனைத் தாழ்த்தினான்.

பெரியநாயகி மோட்டார் கொட்டகை ஜன்னலைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "அந்தப் பெட்டியாலயா?"

"ஆமாங்க," என்றான் நூகு. "ஸ்பீக்கர்ல அவரோட அக்கவுண்ட் அப்படியே இருந்திருக்கு. இத்தனை மாசம் மூடி வச்சிருந்தப்போ ஒண்ணும் தெரியல. இங்க வைஃபையில சேத்ததும் அவருக்குக் காட்டிருச்சு."

"என் தங்கச்சி கூடப் படிச்ச பொண்ணு இவ." பெரியநாயகி குனிந்து கூடையை எடுத்தாள். "வந்த நாள்லேருந்து வீட்டை விட்டு வெளியில வரலைங்க. கொல்லைப் பக்கம்கூட வர மாட்டா. கூடத்துல உக்காந்து டிவில பாட்டு கேப்பா, அவ்வளவுதான். பாட்டை வெளியில கொண்டு வந்தா இவளும் வெளியில வருவான்னு நெனச்சேன். இன்டர்நெட் போடுற ஆளைக் கூப்பிட்டு அந்தப் பெட்டியை மாட்டச் சொன்னேன். இவ ஸ்பீக்கரை எடுத்துக் குடுத்தா. ஸ்பீக்கருக்கு என்ன பேரு வைக்கன்னு அந்த ஆளு கேட்டப்போ தோட்டம்னு சொன்னா. அன்னிக்குத்தான் இவ சிரிச்சு நான் மொதமொதப் பாத்தேன்."

"அவரு இப்ப எங்க இருக்காரு?" என்றாள் கீர்த்திகா.

உமா நூகுவைப் பார்த்தாள். நூகு தரையைப் பார்த்தான்.

"வந்துக்கிட்டிருக்காரு," என்றாள் உமா. "நாங்கதான் ஊர் பேரைச் சொல்லிட்டோம்."

*

நூகு கொட்டகையை நோக்கி ஓடினான். "பிளக்கைப் பிடுங்கிடறேன்."

"வேண்டாம்!" கீர்த்திகா குறுக்கே வந்து நின்றாள். "நிறுத்துனா இங்கதான் எங்கயோ இருக்கேன்னு உறுதியாயிரும். ஊரு தெரியும்ல? வீடு வீடாத் தட்டுவாரு. அப்படித் தட்டித்தான் ஒருக்கா அக்கா வீட்டுல என்னைப் பிடிச்சாரு."

"கோர்ட்டுக்குப் போயிருக்கியாம்மா?"

"அதுக்கப்புறம் போனேன். பாதுகாப்பு உத்தரவு இருக்கு. அவரு நேராவோ ஆள் வச்சோ என்னைத் தேடக் கூடாது, தொடர்புகொள்ளக் கூடாதுன்னு."

ஆள் வைத்து. உமாவின் காதில் அந்த இரண்டு சொல்லும் தனியாக விழுந்தன.

"அப்ப பாட்டு பாடட்டும். நூகு, அதோட பேரை மாத்த முடியுமா?"

நூகுவுக்கு உயிர் வந்தது. "இங்கேருந்தே முடியும். மாத்துன அடுத்த நிமிஷம் அவரு போன்லயும் மாறும். என்ன பேரு?"

"வலைக்கூடம்."

பட்டினச்சேரி மீனவர்கள் உட்கார்ந்து வலை பின்னும் கூடம் அது. நூகு டைப் செய்தான். உமா முதலில் ஒரு பழைய சிநேகிதியைக் கூப்பிட்டாள். சப் இன்ஸ்பெக்டர் அஞ்சுகம். பட்டினச்சேரிக்காரி, இப்போது அந்தக் கடலோரப் பக்கத்து ஸ்டேஷனிலேயே வேலை. நாலு வரியில் விஷயத்தைச் சொன்னாள்.

"எங்க ஊரு வலைக்கூடத்துக்கா?" என்றாள் அஞ்சுகம். "வரட்டும். நானே போயி உக்காந்திருக்கேன். உத்தரவு நகல் எனக்கு வேணும்."

அடுத்து நவநீதன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுங்க மேடம்."

"சார், சுரக்குடி வந்து பாத்தா ஆளு இல்ல. நேத்துக் காலையில கிளம்பிப் போயிருக்காங்க. கூடப் படிச்ச பொண்ணுக்கு பட்டினச்சேரியாம். அங்க வலைக்கூடத்துக்குப் பக்கத்து வீடு. நீங்க சுரக்குடிக்கு வர வேண்டாம், நேரா..."

தெருமுனை டீக்கடைப் பக்கம் ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்தது. அதே ஹாரன், அதே நீளத்தில், போனுக்குள்ளும் கேட்டது.

பஸ் ஸ்டாண்டில் இருப்பதாகச் சொன்னதே பொய். அவர் டீக்கடையில் நிற்கிறார். எட்ட நின்று பின்தொடர்ந்தே வந்திருக்கிறார். பாட்டு இன்னும் கொஞ்சம் காற்று வாக்கில் போனால் அவர் காதில் விழும்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு நூகுவிடம் சைகை காட்டினாள்: சத்தத்தைக் குறை. நூகு புரிந்துகொண்டான். பாட்டை நிறுத்தவில்லை, ஒலியை மட்டும் பூஜ்யத்துக்கு இறக்கினான். டப்பாவின் விளக்கு எரிந்தது. அவர் போனில் பாட்டு ஓடிக்கொண்டேயிருக்கும். தோட்டத்தில் இலை அசையும் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது.

"மேடம்? இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். உங்க போன்லயே பாத்துக்குங்க. பேரு மாறியிருக்கும்."

கீர்த்திகா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு செடிகளுக்கு இடையில் உட்கார்ந்துவிட்டாள். பெரியநாயகி அவளை மறைத்தபடி நின்றாள்.

"ஆமாங்க," என்றது குரல். "வலைக்கூடம்னு வந்துருக்குங்க. பாட்டு ஓடுதுங்க." பிறகு அந்தக் குரலிலிருந்து தணிவும் தழுதழுப்பும் ஒரேயடியாகக் கழன்று விழுந்தன. "அங்க அவ தனியாத்தான் இருக்காளா?"

"தனியாத்தான்."

"நான் போயிப் பாத்துக்கிறேன். நீங்க வர வேண்டாம்."

இணைப்பு அறுந்தது. தெருமுனையில் ஒரு ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. அது மேலத்தெருப் பக்கம் வருகிறதா, சாலைப் பக்கம் போகிறதா என்று தெரிய அரை நிமிடம் ஆனது. அந்த அரை நிமிடத்தில் நால்வரும் அசையவில்லை.

சத்தம் தேய்ந்தது. சாலைப் பக்கம்.

நூகு மோட்டார் கொட்டகைச் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தான். "யா அல்லா," என்றான்.

"உத்தரவு நகலை எங்கிட்ட குடும்மா," என்றாள் உமா. "நான் கொண்டு போறேன்."

கீர்த்திகா உள்ளே போனாள். பிளாஸ்டிக் உறையில் போட்ட காகிதத்தோடு திரும்பி வந்தாள். காலில் செருப்பு மாட்டியிருந்தாள்.

"நானே வர்றேன்," என்றாள். "இது என் காயிதம்."

*

பெரியநாயகி தன் ஸ்கூட்டரில் கீர்த்திகாவை ஏற்றிக்கொண்டாள். நூகு உமாவோடு முன்னால் போனான். அவர்கள் கடலோர ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. நவநீதன் சுவரோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பட்டினச்சேரியில் வலைக்கூடத்துக்குள் கத்திக்கொண்டே நுழைந்து, முதலில் கண்ணில் பட்ட பெண்ணின் தோளைப் பிடித்துத் திருப்பியிருக்கிறார். திரும்பியது அஞ்சுகம்.

வெள்ளைச் சட்டையின் ஒரு கை கிழிந்திருந்தது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்களின் வேலை அது என்றாள் அஞ்சுகம்.

கீர்த்திகாவைப் பார்த்ததும் அவர் எழுந்தார். காவலர் ஒருவர் தோளில் கை வைத்து உட்கார வைத்தார். கண் மறுபடி கலங்கியது. இந்த முறை உமாவைப் பார்த்து. "ஏனுங்க மேடம், நீங்க எனக்காக வேலை பாக்குறவங்கதானுங்களே? இப்படிப் பண்ணலாமுங்களா?"

"கண்டுபிடிச்சுத் தர்றேன்னு சொன்னேன் சார். கண்டுபிடிச்சேன். யாரைங்கிறதுலதான் கொஞ்சம் தப்பு நடந்து போச்சு."

கீர்த்திகா அவர் பக்கம் திரும்பவேயில்லை. உத்தரவை மேஜையில் வைத்தாள். அஞ்சுகம் கேட்ட கேள்விக்கெல்லாம் மெதுவாக, தேதியோடு பதில் சொன்னாள். இரண்டு முறை தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அவரை உள்ளே அழைத்துப் போனபோதுதான் அவள் தோள் இறங்கியது.

பிறகு உமாவின் முறை. சாட்சி வாக்குமூலத்தைத் தானே எழுதுவதாகச் சொல்லி, வெள்ளைத் தாளை இழுத்துக்கொண்டாள். பேனா ஓடும்போது பக்கத்து நாற்காலியில் கீர்த்திகா வந்து உட்கார்ந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளும்மா."

"எனக்கு அண்ணன் உண்டான்னு கேக்கணும்னு உங்களுக்குத் தோணாம இருந்திருந்தா?"

வெளியே பைப்பில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. உமா நினைத்துப் பார்த்தாள். அந்த மர பெஞ்சிலிருந்து எத்தனை பேரை, 'அவரும் மாறிடுவாரும்மா, ஒரு தடவை விட்டுக் குடு' என்று சமாதானம் பேசி வீட்டுக்கு அனுப்பி வைத்தாள் என்று. கணக்கு எடுத்ததில்லை. எடுக்கத் துணிந்ததில்லை.

"வீட்டைக் காட்டியிருப்பேன்," என்றாள். "காட்டிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்."

கீர்த்திகா அதைக் கேட்டுக்கொண்டாள். கோபப்படவில்லை. எழுந்தும் போகவில்லை.

உமா எழுதி முடித்துத் தாளைத் தள்ளினாள். அஞ்சுகம் வாசித்துக்கொண்டே வந்து, நடுவில் ஒரு இடத்தில் விரலை வைத்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, இந்த வரி வேண்டாமே. 'என் வாடிக்கையாளர் நவநீதன் சொன்னதை நான் சரிபார்க்கவில்லை, என் அலட்சியத்தால் அவருக்கு ஊர் பெயர் தெரிந்தது'ன்னு எழுதியிருக்கீங்க. கோர்ட்டுல படிப்பாங்க. நாளைக்கு உங்களை நம்பி யாரு கேஸ் குடுப்பா? இது இல்லாமலே இந்த ஆளு உள்ள போவான்."

நூகு வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். "மெசேஜ் அனுப்புனது நான்தான்க்கா. என் பேரைப் போடுங்க."

"நீ அனுப்புறப்போ நான் தடுக்கலையே?" என்றாள் உமா. "வேலைக்குச் சேத்தது நான். விசாரிக்காம விட்டது நான்."

"அடிச்சுடட்டுமா அக்கா?" அஞ்சுகம் பேனாவை எடுத்தாள்.

"இருக்கட்டும்," என்றாள் உமாமகேஸ்வரி. தாளை வாங்கி, அந்த வரிக்கு நேர் கீழே கையெழுத்துப் போட்டாள்.